தென்கரைக்கு ஒரு பாலம்

"மழை நாளா பார்த்துப் போவோம் மாமா," என்றாள் அக்கா மகள். ஊர் பார்க்க வந்தவனிடம் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படிக்கிறாள். எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் முதலில் அதன் எலும்பைத்தான் பார்ப்பாள். "வெயில்ல எராஸ்மஸ் பாலம் அழகா இருக்கும். மழையும் காத்தும் சேர்ந்தாத்தான் அதோட கதை புரியும்." நெதர்லாந்தில் மழைக்காக அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமையே தூறலோடு விடிந்தது.

டெல்ஃப்டிலிருந்து ராட்டர்டாமுக்கு ரயிலில் கால் மணி நேரப் பயணம். கால்வாய்களும் செங்கல் வீடுகளும் தேவாலயக் கோபுரமுமாக இருந்த ஊரிலிருந்து கிளம்பி, கண்ணாடிக் கோபுரங்களும் அகலச் சாலைகளுமான ஊரில் இறங்கினோம். ஐரோப்பிய நகரம் என்றால் நம் மனதில் வருகிற வளைந்த சந்துகள், கல் பாவிய தெருக்கள் எதுவும் ராட்டர்டாமின் மையத்தில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் அதற்கான பதிலும் ஒரு பாலத்தில்தான் போய் முடிகிறது. நாங்கள் பார்க்க வந்த பாலம் அல்ல, அதே நியூவே மாஸ் ஆற்றில் கிழக்கே சற்றுத் தள்ளி நின்ற பழைய வில்லெம்ஸ்ப்ருக்.

1940 மே 10 விடியற்காலையில் ஜெர்மானியக் கடல் விமானங்கள் நியூவே மாஸ் ஆற்றில் வந்து இறங்கின. படைவீரர்கள் ரப்பர் படகுகளில் கரையேறிப் பாலங்களைப் பிடித்தார்கள். தென்கரை அவர்கள் கைக்குப் போனது. ஆனால் வில்லெம்ஸ்ப்ருக்கின் வடமுனையில் டச்சுக் கடற்படை வீரர்கள் அசையாமல் நின்றார்கள். நான்கு நாட்கள் ஆகியும் எதிரியால் அந்தப் பாலத்தைத் தாண்டி நகருக்குள் நுழைய முடியவில்லை. மே 14 பிற்பகலில் குண்டு வீச்சு விமானங்கள் வந்தன. தாக்குதல் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன்பின் எழுந்த தீ, மிச்சமிருந்த நகர மையத்தைத் தின்றது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். அந்தத் தீ எதுவரை பரவியதோ அந்த எல்லையை இன்றைக்கும் நடைபாதையில் சிறு விளக்குகள் பதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆற்றை நோக்கி நடக்கும் வழியில் லூவஹாவன் என்ற இடத்தின் அருகே ஓசிப் ஸாட்கின் வடித்த வெண்கலச் சிலை நிற்கிறது. 1953-இல் நிறுவப்பட்டது. கைகளை வானத்துக்குத் தூக்கி அலறும் ஒரு மனிதன், நெஞ்சும் வயிறும் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியே பின்னால் நகரும் மேகம் தெரிகிறது. இதயம் பிடுங்கப்பட்ட நகரம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. குடையை மடக்கிவிட்டுச் சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆறு திறந்துகொள்கிறது, கூடவே பாலமும்.

படங்களில் பலமுறை பார்த்ததுதான். என்றாலும் நேரில் பார்த்தபோது அதன் சாய்வு என்னைப் பிடித்து நிறுத்தியது. பாலம் என்றால் இரு பக்கமும் ஒத்திருக்கும் என்று நம் கண் பழகியிருக்கிறது. இங்கே ஒற்றைத் தூண், அதுவும் ஆற்றின் நடுவே இல்லாமல் தென்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. உயரம் 139 மீட்டர், நிறம் வெளிர் நீலம். இரு கால்களைச் சாலையின் இரு பக்கமும் ஊன்றி, மேலே போகப் போக ஒன்றாகி, முழங்கை போல ஓரிடத்தில் மடங்கி நிமிர்கிறது. அதிலிருந்து 32 கேபிள்கள் வடக்கு நோக்கி விசிறியாக இறங்கிப் பாலத்தின் தளத்தைப் பிடித்திருக்கின்றன. தூணின் முதுகுப் பக்கம் 8 தடித்த கேபிள்கள் தெற்கே இறங்குகின்றன. ஊர் மக்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் "டெ ஸ்வான்", அன்னம். கழுத்தை வளைத்து நீரில் அமர்ந்த அன்னம் என்று சொன்ன பிறகு வேறெதுவாகவும் தெரிய மறுக்கிறது.

தொங்கு பாலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தொங்கு பாலம் நம்ம துணித் தொட்டில் மாதிரி மாமா. ரெண்டு பக்கமும் கட்டின ஒரு பெரிய வடம் வளைஞ்சு தொங்கும், பாரமெல்லாம் அதுல. இது தராசுத் தட்டு. தட்டோட விளிம்புல பல இடத்துல நூல் கட்டி, எல்லாத்தையும் மேல ஒரே பிடியில சேர்த்துட்டா எப்படி நிக்கும், அப்படி." ஒவ்வொரு கேபிளும் தூணிலிருந்து நேராகத் தளத்துக்கு வருகிறது. தளத்தின் எடையைக் கேபிள் இழுக்கிறது, கேபிளின் இழுப்பைத் தூண் வாங்கிக்கொண்டு அடித்தளத்துக்கு இறக்குகிறது. வடக்கே 284 மீட்டர் நீளமுள்ள தளம் இடையில் எந்தத் தாங்கலும் இல்லாமல் ஆற்றின் மேல் நீள்கிறது. அவ்வளவு பாரமும் தூணை முன்னால் சாய்க்கப் பார்க்கும். பின்னால் இருக்கும் அந்த 8 கேபிள்கள் அதைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. கன்று முன்னால் பாய, கயிற்றைப் பிடித்தவன் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து ஊன்றி நிற்பானே, அந்த நிலைதான் தூணின் நிலை. அழகுக்காக வளைத்தது என்று நான் நினைத்த வடிவம், பாரத்தைச் சுமக்கிற நிற்பாகத் தெரிய ஆரம்பித்தது.

வரைந்தவர் பென் வான் பெர்க்கெல். நகரசபை அவருடைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தபோது முப்பதுகளில் இருந்தார். அதைவிடச் செலவு குறைந்த வேறொரு வடிவமும் கையில் இருந்தது. சபை கூடுதல் செலவு பிடிக்கும் வடிவத்தையே எடுத்தது. யூரோவில் சொன்னால் 16 கோடிக்கு மேல் ஆனது. மக்கள் வரிப்பணத்தில் அழகுக்காக இவ்வளவா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது நியாயமே. அதற்கான விடை பாலத்தின் அக்கரையில் இருக்கிறது. அங்கே வருமுன் அக்கா மகள் காட்ட விரும்பிய இடத்தில் நின்றுவிட்டுப் போகலாம்.

பாலத்தின் மேல் ஏறியதும் காற்று அறைந்தது. நடுவே டிராம் தண்டவாளம், இரு பக்கமும் கார்களுக்கான வழி, அதற்கு வெளியே சைக்கிள் பாதை, கடைசியில் நடைபாதை. ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் முதுகை வளைத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். தூறல் பக்கவாட்டில் வந்தது. "இதைத்தான் மாமா பார்க்கச் சொன்னேன்," என்று ஒரு கேபிள் தளத்தைத் தொடும் இடத்துக்கு அழைத்துப் போனாள். கேபிளின் அடிப்பகுதியைத் தளத்தோடு இணைத்து ஒரு கருவி பொருத்தியிருந்தது. மோட்டார் பைக்கின் ஷாக் அப்சார்பரை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அந்த வேலையைத்தான் அது செய்கிறது. ஆனால் வரைந்தவரின் முதல் வரைபடத்தில் அது இல்லை.

1996 செப்டம்பரில் அரசி பேட்ரிக்ஸ் பாலத்தைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு நவம்பரில், மழையும் காற்றும் சேர்ந்து வந்த ஒரு நாளில், கேபிள்கள் ஆட ஆரம்பித்தன. கண்ணால் பார்க்கும்படியான ஆட்டம். போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதுப் பாலம், நாட்டின் பெருமை, புயல்கூட இல்லாத ஒரு சாதாரண மழை நாளில் இப்படி.

காரணம் மிகச் சிறியது. கேபிளின் மேல் வழியும் மழைநீர்.

கேபிள் உருண்டையானது. உருண்டைமேல் மோதும் காற்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலப் பிரிந்து போகும். மழை பெய்யும்போது சாய்ந்த கேபிளின் மேல் நீர் மெல்லிய கோடாக வழிகிறது. மிதமான காற்று அந்த நீர்க்கோட்டைக் கீழே விழவிடாமல் கேபிளின் மேற்பக்கத்திலேயே ஒட்டிவைக்கிறது. அவ்வளவுதான், கேபிள் இப்போது உருண்டை இல்லை. விரல் அகலம்கூட இல்லாத ஒரு நீர்மேடு அதன் மேல் முளைத்துவிட்டது. காற்று ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் போகிறது. கேபிள் சற்றே அசைகிறது. அது அசைய நீர்க்கோடும் இடம் மாறுகிறது. நீர்க்கோடு இடம் மாற, காற்றின் தள்ளலும் திசை மாறுகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு தள்ளு தள்ளினால் உயரம் கூடிக்கொண்டே போகுமே, அதேதான். காற்று பலமாக அடித்தால் நீர் பறந்துவிடும், ஆட்டம் நின்றுவிடும். காற்று இல்லாவிட்டால் நீர் சொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவில் மட்டும் ஆபத்து.

"ஜப்பான்ல நகோயா பக்கத்துல மெய்க்கோ நிஷின்னு ஒரு பாலம். அதுல 1980கள்லயே இதைக் கவனிச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க," என்றாள். "இப்போ எங்களுக்கு வகுப்புல பாடம்."

முதலில் பாலிபுரோப்பிலீன் கயிறுகளால் கேபிள்களைத் தளத்தோடு கட்டி அடக்கினார்கள். பிறகுதான் இந்த ஹைட்ராலிக் கருவிகள் வந்தன. எண்ணெய் நிறைந்த உருளைக்குள் தண்டு முன்னும் பின்னும் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. நாங்கள் நின்ற அன்று மழையும் இருந்தது, காற்றும் இருந்தது. கேபிளை அண்ணாந்து பார்த்தேன். அதன் உறைமேல் நீர் மின்னிக்கொண்டு வழிந்தது. கேபிள் அசையவில்லை. குறையைத் திருத்திய கருவியை மறைக்காமல், ஒவ்வொரு கேபிளின் காலடியிலும் கடந்து போகிறவர் கண்ணில் படும்படி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பாலத்தின் தூணைவிட அதையே நான் அதிகம் படமெடுத்தேன்.

தூணைக் கடந்து தெற்கே போகையில் மணி அடித்தது. தடுப்புக் கம்பங்கள் இறங்கின, சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பாலத்தின் தென்கோடியில் 89 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் ஒன்று இருக்கிறது. நிலையான தளத்தின் அடியில் புக முடியாத உயரமான கப்பல்களுக்கு அதுதான் வாசல். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரியதும் கனமானதும் என்று இதைச் சொல்வார்கள். சற்று முன்வரை சாலையாக இருந்தது, தண்டவாளமும் வெள்ளைக் கோடுகளுமாகச் செங்குத்தாக எழுந்து வானத்தை மறைத்தது. மூன்று பாய்மரங்கள் கொண்ட ஒரு கப்பல் நிதானமாகக் கடந்து போனது. யாரும் அவசரப்படவில்லை. தூறலில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக் கப்பலைக் காட்டினாள். சாலை ஆற்றுக்கு வழிவிட்டு நிற்கிற இந்தப் பழக்கம் துறைமுக ஊருக்கே உரியது.

காத்திருந்த நேரத்தில் எதிர்க்கரையைப் பார்த்தேன். இப்போது வானுயர்ந்த கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்த முனைக்கு கோப் வான் ஸௌட் என்று பெயர், தெற்கின் தலைமாடு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தைத் தென்கரைக்கு விரித்தபோது, கப்பலில் மூட்டை இறக்க பிராபாண்ட், ஸேலாண்ட் பகுதிகளின் கிராமத்து ஏழைகள் வந்து குடியேறினார்கள். வடகரைக்காரர்கள் தென்கரைக்கு வைத்த பெயர் "பூரன்ஸெய்". குடியானவர் கரை என்று பொருள். பட்டிக்காடு என்கிற இளக்காரம் அதில் ஒலிக்கும். பிறகு கப்பல்கள் பெருத்தன, துறைமுகம் கடலை நோக்கி மேற்கே நகர்ந்தது. இந்தக் கரையின் கிடங்குகளும் தண்டவாளங்களும் வெறிச்சோடின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெற்குக்குப் போக வழி இல்லாமல் இல்லை. மாஸ் சுரங்கச் சாலை 1942-இலிருந்து இருக்கிறது. நாட்டின் முதல் மெட்ரோ 1968-இல் இந்த ஆற்றுக்கு அடியில்தான் ஓடியது. கிழக்கே பழைய வில்லெம்ஸ்ப்ருக்குக்குப் பதிலாக 1981-இல் சிவப்பு நிறத்தில் புதிய பாலம் வந்துவிட்டது. வழிகள் இருந்தன. ஆனால் நகர மையத்தில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெற்கு தெரியவில்லை. மண்ணுக்கு அடியில் நுழைந்து எங்கோ வெளிவரும் ஊரை யாரும் தன் ஊராக நினைப்பதில்லை. 1980களின் பிற்பகுதியில் நகர வளர்ச்சித் துறைக்குத் தலைமை வகித்த ரீக் பாக்கர் என்ற பெண்மணிக்கு இது புரிந்திருந்தது. தென்கரையை மீட்க வேண்டுமென்றால், மையத்திலிருந்தே நேராக ஒரு பாலம் வேண்டும், அதுவும் பார்ப்பவரை அக்கரைக்குக் கூப்பிடுகிற பாலமாக இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மலிவான வடிவத்தை விட்டு இதை எடுத்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பணம் வீணாகவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. கடப்பதற்கு மட்டும்தான் என்றால் மலிவான பாலம் போதும். முகம் திருப்பிக்கொண்டிருந்த ஓர் ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்க அது போதாது.

பாலத்துக்கு வைத்த பெயரும் யோசிக்க வைக்கிறது. அறிஞர் எராஸ்மஸ் இந்த ஊரில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே ஊரை விட்டுப் போனவர், 1536-இல் பாசெல் நகரில் இறந்தார். ஆனாலும் தன் பெயரோடு "ராட்டர்டாமைச் சேர்ந்தவன்" என்று லத்தீனில் எழுதிக்கொண்டார். ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன்.

தளம் இறங்கியது, நடந்தோம். அக்கரையில் முதலில் எதிர்கொள்வது ரென்சோ பியானோ வரைந்த ஓர் அலுவலகக் கோபுரம். அதன் முகப்பு பாலத்தை நோக்கிச் சாய்ந்து, ஒரு நீண்ட தூணை ஊன்றி நிற்கிறது. அதற்கப்பால் ரெம் கூல்ஹாஸின் "டெ ராட்டர்டாம்", 2013-இல் முடிந்தது. இவற்றையெல்லாம் வேகமாகத் தாண்டினோம். துறைமுனையின் கோடியில் இரு சிறு கோபுரங்களோடு நிற்கும் பழைய கட்டடத்தில்தான் எனக்கு நிற்கத் தோன்றியது. ஹாலண்ட் அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் தலைமையகமாக இருந்தது அது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வந்த ஏழைகள் இந்தக் கரையில்தான் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்கள். 1993 முதல் அது ஹோட்டல், பெயரே ஹோட்டல் நியூயார்க். ஒரு காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

பெரும்பாலான பயணிகள் இங்கிருந்து திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் திரும்பவில்லை. இன்னும் தெற்கே கால் மணி நேரம் நடந்தால் ஆஃப்ரிக்காண்டர்வைக் என்ற பழைய தொழிலாளர் குடியிருப்பு. கண்ணாடிக் கோபுரங்கள் முதுகுக்குப் பின்னால் தெரிய, எதிரே தாழ்ந்த செங்கல் வீடுகள், துணி காயும் பால்கனிகள். சனிக்கிழமை ஆதலால் மைதானத்தைச் சுற்றிச் சந்தை கூடியிருந்தது. துருக்கி ஆலிவ், மொரோக்கோ பேரீச்சை, கேப் வெர்ட் மீன். ஒரு கடையில் பாகற்காயும் நீளக் காராமணியும் குவிந்திருந்ததைப் பார்த்துக் கால் தானாக நின்றது. பாகற்காய்க்கு "சோப்ரோப்போ" என்று எழுதியிருந்தார்கள்.

கடைக்கார அம்மா சுரினாமியர், அறுபதைத் தாண்டியவர். முன்னோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள் என்று அக்கா மகளிடம் டச்சில் சொன்னார். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் "லாலா ரூக்" சுரினாமை அடைந்தது 1873-இல். 1975-இல் சுரினாம் விடுதலை அடைந்த சமயத்தில் ஏராளமானோர் நெதர்லாந்துக்கு வந்தார்கள், இவர் குடும்பமும் அப்போது வந்ததுதான். பாலம் வந்தது நல்லதா என்று கேட்கச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, முன்பெல்லாம் தெற்கிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் வேலை கேட்கும் இடத்தில் முகம் மாறும், இப்போது பாலம் இருக்கும் பக்கமா என்று கேட்கிறார்கள் என்றார். அடுத்ததாக அவர் சொன்னதையும் எழுத வேண்டும். பாலத்தை ஒட்டிய கோபுரங்களில் வீடு வாங்கியவர்கள் இந்தச் சந்தைக்கு வருவது குறைவாம்.

அவர் சொன்னது உண்மை என்பதற்கு அரசின் நடவடிக்கையே சாட்சி. பாலம் திறந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல், தெற்கு ராட்டர்டாமின் பள்ளி, வேலை, வீடு ஆகியவற்றைச் சீர்செய்யத் தேசிய அளவில் 20 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. பாலம் செய்யக் கூடியதை எராஸ்மஸ் பாலம் செய்துவிட்டது. பார்வையைத் திருப்பியது, வழியைக் காட்டியது. அதற்குமேல் நடந்து வர வேண்டியது மனிதர்கள்.

அரைக்கிலோ பாகற்காய் வாங்கினோம். அந்த அம்மா கைப்பிடி பச்சை மிளகாயைக் கொசுறாகப் போட்டார், நம் ஊர் மாதிரியே. அன்றிரவு டெல்ஃப்டில் அக்கா மகளின் சிறிய சமையலறையில் புளி விட்டுக் குழம்பு வைத்தோம்.

ராட்டர்டாம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூணின் அடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கேபிளின் காலடியில் இருக்கும் அந்தக் கருவியைப் பாருங்கள், பிறகு பாலத்தைக் கடந்து தெற்கே நடங்கள். ஆஃப்ரிக்காண்டர் சந்தை புதனும் சனியும் கூடுகிறது.